தனிமைத் தடுப்புத் துணைக்குழு

கேசவனுக்கு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கம் எத்தனையோ விஷயங்களை விசாரிக்காமலே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் விசாரித்தும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பார்த்தமாதிரி நிற்கிறது எங்கள் அப்பார்ட்மென்ட். பெயர் சங்கமம் கிரீன்ஸ். விற்கும்போது பில்டர் 'பறவைகளின் சத்தத்தில் கண்விழியுங்கள்' என்று விளம்பரம் போட்டார். நாங்கள் குடிவந்த பிறகு பறவைகள்தான் எங்கள் சத்தத்தில் கண்விழிக்கின்றன. காலையில் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் எல்லோருக்கும் குட்மார்னிங் சொல்லி முடிப்பதற்குள் டிபன் நேரம் தாண்டிவிடும். வெள்ளிக்கிழமை மாலையில் கீழே கார் நிறுத்தும் இடத்தில் 'மனம் திறப்போம்' என்று ஒரு கூட்டம். வீட்டுக்கு ஒருவர் எழுந்து அந்த வாரம் தனக்கு எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். யாருக்கும் எப்படியும் போயிருக்காது. ஆனாலும் சொல்வார்கள்.

கேசவன் எனக்கு எதிர் ஃப்ளாட். தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விசாரணை கவுண்டரில் உட்காருகிற வேலை. ஸ்கேன் எங்கே, ஐ.சி.யூ. எந்த மாடி, பெரிய டாக்டர் வந்தாச்சா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 'நேத்து சேத்தோமே, அவர் இருக்காரா?' என்று கேட்கிறவர்களும் வருவார்கள். என் தம்பிக்கு நெஞ்சுவலி வந்தபோது நானே போய் அந்த வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கேசவன் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே பதில் சொன்னார். கடைசியில் எழுந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்து லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டார். அப்படிப் பேசத் தெரிந்த மனிதர் எங்கள் சங்கத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது.

மாலையில் வேளச்சேரி பஸ்ஸில் நெரிசலில் வந்து இறங்குவார். ஒரு காபி. பிறகு மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சதுப்பில் நிற்கிற கூழைக்கடாப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருப்பார். இறங்கி வந்த பிறகு மனைவி சுபத்ராவோடு பேசுவார், என்னோடு பேசுவார், நன்றாகச் சிரிப்பார். அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்குச் சொத்து. வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

வினை வந்தது பொங்கல் விழாவில். மியூசிக்கல் சேர் போட்டியில் கேசவன் முதல் சுற்றிலேயே நாற்காலியைப் பக்கத்தில் நின்ற பெரியவருக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டார், நன்றாயிருக்கிறது என்றார், வீட்டுக்குப் போனார். அதுதான் குற்றம்.

மறு வெள்ளிக்கிழமை சங்கத் தலைவர் தோத்தாத்ரி சார் எழுந்தார். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

"கிடைச்ச சேரை ஒருத்தர் தானா விட்டுக்குடுக்கிறார்னா அதுக்கு என்ன அர்த்தம்? வாழ்க்கையில பிடிப்பு போயிடுச்சுன்னு அர்த்தம்," என்றார். "நான் முப்பது வருஷம் ஆயிரம் பேரை மேய்ச்சவன். என் சர்வீஸ்ல ஒருத்தன் பேசாம இருந்தா, ஒண்ணு அவன் தூங்கிட்டிருப்பான், இல்லேன்னா என் மேல பெட்டிஷன் எழுதிட்டிருப்பான். மூணாவதா ஒரு காரணம் நான் பார்த்ததே இல்லை."

செயலாளர் ஜெயஸ்ரீ அடுத்துப் பேசினார். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஹெச்.ஆர். அவர் இருக்கிற இடத்தில் யாரும் வாடியிருக்க முடியாது, விடமாட்டார்.

"எங்க ஆபீஸ்ல இந்த மாதிரி சைலன்ட் டைப் ஆட்களுக்குன்னே ஒரு ப்ரோக்ராம் நடத்தினோம் சார். தினமும் அவங்களை மேடையேத்திப் பேச வெச்சோம். செம ரிசல்ட். முதல்ல வாயே திறக்காதவங்க, மூணே மாசத்துல எங்க ரூமுக்கு வந்து தைரியமா ரிசைன் பண்ணாங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கே தனிமைத் தடுப்புத் துணைக்குழு பிறந்தது.

துணைக்குழு முதல் வேலையாகக் கேசவன் வீட்டுக்குப் போனது. நோய்க்குக் காரணம் தெரிய வேண்டுமாம். திமிர் என்று ஒரு கட்சி. கடன் தொல்லை என்று இன்னொரு கட்சி. வேறு எங்கோ குடும்பம் இருக்கிறது என்று ரத்தினபாய் மாமி மட்டும் உறுதியாக இருந்தார். கதவைத் திறந்தவர் சுபத்ரா.

"அவருக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்கார்," என்றார்.

ஜெயஸ்ரீ அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க பயப்படாம சொல்லலாம்."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்களே."

ஜெயஸ்ரீ திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். பாவம், அந்தம்மாவையும் பேசவிடாமல் வைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டார்கள். அந்த நேரம் கேசவன் உள்ளேயிருந்து எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். உட்காருங்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

"சிரிக்கிறார்," என்று தோத்தாத்ரி சார் படியிறங்கும்போது என் காதில் சொன்னார். "முத்திப் போச்சு."

அடுத்த வாரம் தீர்மானம் வந்தது. மொட்டைமாடிக்கு இனிமேல் யாரும் தனியாகப் போகக் கூடாது. குறைந்தது இரண்டு பேர் வந்தால்தான் கதவு திறக்கப்படும். 'உறுப்பினர்களின் மனநலனையும் தண்ணீர்த் தொட்டியின் பாதுகாப்பையும் கருதி' என்று எழுதியிருந்தது. சாவி வாட்ச்மேன் சவுரிமுத்து கைக்குப் போனது.

"பிரசிடெண்டு சார் சொல்லிக்கீறாரு சார்," என்று சவுரிமுத்து சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "ஜோடியா வந்தாத்தான் தொறக்கணுமாம். நான் இன்னா பண்றது சொல்லு."

"அப்ப நீங்களே வாங்களேன்," என்றார் கேசவன்.

சவுரிமுத்துவும் போனார். கேசவன் தொட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார், அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து பீடி பிடித்தார். இரண்டு பேரும் பேசவில்லை. சில நாள் இப்படி அருமையாகப் போயிற்று. பிறகு யாரோ போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். துணைக்குழு அவசரமாகக் கூடியது. துணை என்றால் பேச வேண்டும், பேசாதவர் துணையில் சேரமாட்டார், முன்பு தனியாக இருந்தவர் ஒருத்தர், இப்போது தனியாக இருக்கிறவர்கள் இரண்டு பேர், அவ்வளவுதான் நடந்திருக்கிறது என்று ஜெயஸ்ரீ விளக்கினார். சவுரிமுத்துவுக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துக் கேசவனோடு மாடிக்குப் போவது என்று முடிவானது.

முதல் ஆள் தன் சிறுநீரகக் கல்லைப் பற்றிப் பேசினார். கல் உண்டானதிலிருந்து உடைந்ததுவரை. கேசவன் கேட்டுக்கொண்டார். இரண்டாவது ஆள் ரத்தினபாய் மாமி, மருமகளைப் பற்றிப் பேசி அழுதார். கேசவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்தவர் மகன் கனடா போன கதை. கேசவன் நடுவில் ஒன்றே ஒன்று கேட்டார், அந்த ஒரு கேள்விக்காகவே அந்த மனிதர் மறுநாளும் வந்துவிட்டார். தங்கள் வீட்டில் யாரும் காதுகொடுத்துக் கேட்காததையெல்லாம் ஜனங்கள் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முறை வராதவர்கள் முறை வந்தவர்களிடம் கெஞ்சினார்கள். கடைசியில் படிக்கட்டில் வரிசை நின்றது.

'கேசவன் சார் அருமையாக முன்னேறி வருகிறார்' என்று ஜெயஸ்ரீ குழுவில் எழுதினார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

முன்னேற்றம் போதாது என்று நினைத்தவர் தோத்தாத்ரி சார். காது கேட்கிறதே தவிர வாய் திறக்கவில்லை என்று குறைப்பட்டு, தனக்குத் தெரிந்த ஸ்ரீரங்கனைக் கூட்டிவந்தார். ஸ்ரீரங்கன் ஆளுமைப் பயிற்சி கொடுப்பவர். கோட்டு போட்டிருந்தார். மார்ச் மாதம்.

"உங்க பிரச்சினை கூச்சம்," என்றார் கேசவனிடம், பெயர்கூடக் கேட்காமல். "நாலு பேர்கிட்டப் பேச பயம். மைக்கைப் பார்த்தா பயம். நானும் அப்படி இருந்தவன்தான். இப்ப பாருங்க, என் வீட்டுல நான் பேச ஆரம்பிச்சா எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. அவ்வளவு பவர்!"

"நான் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான பேர்கிட்டப் பேசறேன் சார்," என்றார் கேசவன்.

"அது வேலை. அதைப் பேச்சுன்னு சொல்ல முடியாது."

இதே ஸ்ரீரங்கன் முந்தின வாரம்தான் ரத்தப் பரிசோதனை முடிவு தாமதமாகிவிட்டது என்று அந்த கவுண்டரில் வந்து கத்தியவர். அவரை உட்காரவைத்து, சமாதானம் சொல்லி, முடிவை வாங்கிக் கையில் கொடுத்தவர் கேசவன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற முகத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? ஸ்ரீரங்கன் அவரை மாடியின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், சதுப்பைப் பார்த்து உரக்கக் கத்தச் சொன்னார். "நான் கேசவன்! நான் பேசுவேன்!" கேசவன் மரியாதைக்காகக் கத்தினார். கூழைக்கடாக்கள் மொத்தமாக எழும்பி பெரும்பாக்கம் பக்கமாகப் போய்விட்டன. ஸ்ரீரங்கன் அதைக் காட்டி, "பார்த்தீங்களா, உங்களுக்குள்ள எவ்வளவு எனர்ஜி!" என்றார்.

ஏப்ரலில் ஒரு நாள் கேசவன் வழக்கமான நேரத்துக்கு முன்பே வீடு திரும்பினார். வீட்டுக்குள் போகாமல் என் வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

காலையில் கோவளம் பக்கத்திலிருந்து செல்வம்மாள் என்று ஒரு மீன்காரம்மா வந்திருக்கிறார். புருஷன் ஐ.சி.யூ.வில். போய்ப் பார்த்தால் கட்டில் காலி. ஓடிவந்து கவுண்டரில் கேட்டிருக்கிறார். "யப்பா, எம் புருசன எங்கப்பா கொண்டுகினு போனீங்க? கட்டுல்ல ஆளக் காணமே!"

"எனக்குப் பதில் தெரியும் சார். அவருக்குத் தேவலையாகி வார்டுக்கு மாத்திட்டாங்க. ரெண்டாவது மாடி. என் முன்னாடி ஸ்கிரீன்ல இருக்கு. வாயைத் திறந்தேன். வரலை. சத்தமே வரலை சார். அந்தம்மா என் மூஞ்சியவே பார்த்தாங்க. நான் சொல்லாம இருக்கிறதைப் பார்த்துட்டு... போயிட்டார்னு நினைச்சுட்டாங்க. தரையில விழுந்து மாரடிச்சு அழுதாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சங்கத்தில் தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் நல்லவர்கள்.

"சூப்பர்வைசர் ஒரு வாரம் லீவு எடுத்துக்கச் சொல்லிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கவுண்டர்ல உட்கார வேண்டாம்னார். அது நியாயம்தானே? எனக்கு அந்த கவுண்டர் பிடிக்கும் சார். அங்க வர்றவங்களைப் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் திரும்பக் கிடைச்சா எனக்குப் போதும்."

"கூட்டத்துல பேசுங்க," என்றேன். "நீங்க பேசினா யாரும் தட்ட முடியாது."

இன்றைக்கும் நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பில்லை.

வெள்ளிக்கிழமை 'மனம் திறப்போம்' கூட்டத்தில் கேசவன் எழுந்து நின்றார். மைக்கை வாங்கினார். தாள் வைத்துக்கொள்ளவில்லை. "எனக்கு உங்க எல்லாரையும் பிடிக்கும்," என்று ஆரம்பித்தார். "எனக்குத் திமிர் இல்லை, சோகம் இல்லை, கூச்சமும் இல்லை. பேச்சு எனக்குச் சோறு போடுது. நம்ம போர்வெல்லையே எடுத்துக்குங்க. நாள் பூரா மோட்டார் ஓடினா காத்துதான் வரும். ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சா தண்ணி தானா ஊறும். போர்வெல்லுக்கு ஏதோ வியாதின்னு நாம யாரும் சொல்றதில்லை. நான் சும்மா இருக்கிற நேரத்துல எனக்கு ஊறுது. நாள் பூரா அதைத்தான் நான் மத்தவங்களுக்குக் குடுக்கறேன். தயவுசெஞ்சு சாயங்காலம் ஒரு மணி நேரம் என்னைத் தனியா விட்டுடுங்க. இந்த வாரம் ஒரு அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாம..." அந்த இடத்தில் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு, நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சரி, புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். பிறகு கைதட்டல் ஆரம்பித்தது. எழுந்து நின்று தட்டினார்கள். ஜெயஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன ஃப்ளோ! என்ன ஐ கான்டாக்ட்!" என்று ஸ்ரீரங்கன் கத்தினார். "ஆறு வாரம் முன்னாடி இவர் எப்படி இருந்தார், இப்ப எப்படி இருக்கார்!"

"கேசவன் குணமாயிட்டார்னு நாம அலட்சியமா விட்டுடக் கூடாது," என்று தோத்தாத்ரி சார் மைக்கைப் பிடுங்கினார். "இந்த நேரத்துலதான் சப்போர்ட்டை அதிகப்படுத்தணும். அதனால மாடியில ஒரு மணி நேரத்தை ரெண்டு மணி நேரமா ஆக்கறோம். அப்புறம், போர்வெல் பத்தி அவர் சொன்னது ரொம்ப முக்கியமான பாயிண்ட். மோட்டார் டைமிங்கை மாத்தணும்."

அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டு நேரம்வரை மோட்டார் டைமிங்கைப் பற்றித்தான் பேசினார்கள். எந்த பிளாக்குக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று அடிதடி வரைக்கும் போயிற்று. போர்வெல்லுக்கு மட்டும் மதியத்தில் இரண்டு மணி நேரம் ஓய்வு என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

மறுநாளே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிரானைட் பெஞ்சு போட ஆள் வந்துவிட்டது. ஒரே நேரத்தில் எட்டுப் பேர் உட்காரலாம். முதுகுப்பக்கம் 'கேசவன் உரையாடல் மேடை' என்று தங்க எழுத்தில் வெட்டியிருந்தார்கள். ரிப்பன் வெட்டக் கேசவனையே அழைத்தார்கள். வெட்டினார். அவருக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தும் பார்த்தார். பாதிப் பேச்சில் விட்டுவந்தவர்கள் காலிங்பெல்லை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. அன்று சாயங்காலம் கோடைமழை அடித்துக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு படியில் இறங்கும்போது, மூன்றாவது மாடிக்குக் கொஞ்சம் மேலே லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. ஜெனரேட்டர் பழுதாகி மாதக்கணக்கில் ஆகிறது. ரிப்பேர் பணம் கிரானைட்டுக்குப் போயிருந்தது.

"யாரு உள்ள?"

"நான்தான் சார். கேசவன்." குரல் நிதானமாக இருந்தது. "கத்தாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. காத்து வருது, நல்லாத்தான் இருக்கேன். நாளைக்கு டியூட்டி. ஒரு மணி நேரம் இப்படியே இருந்துட்டேன்னா நாளைக்கு என்னால பேச முடியும். தயவுசெஞ்சு சார்."

டார்ச்சை அணைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அவர் கால் நீட்டி உட்காருகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை, மழை மட்டும்தான். இவ்வளவு நாளில் நான் யாருக்காவது உருப்படியாக ஒரு காரியம் செய்தேன் என்றால், அந்தக் கால் மணி நேரம் அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான்.

அன்றைக்கு முறை ரத்தினபாய் மாமிக்கு. மாடியில் கேசவன் இல்லை, வீட்டிலும் இல்லை. 'கேசவன் சாரைக் காணவில்லை' என்று குழுவில் செய்தி போனது. மழையில் குடைகளோடு கிளம்பிவிட்டார்கள். சிலர் சதுப்புப் பக்கம் டார்ச் அடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தோத்தாத்ரி சார் படியேறி வந்தார், பின்னால் ஜெயஸ்ரீ.

"கேசவனைப் பார்த்தீங்களா?"

"கடைக்குப் போனார்," என்றேன்.

ஜெயஸ்ரீ போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினார். லிஃப்டுக்குள் போன் அடித்தது.

அதற்குப் பிறகு நான் தடுத்துப் பார்த்தேன். உண்மையாகவே தடுத்தேன். 'அவரே கேட்டுக்கிட்டார், விடுங்க' என்று கத்தினேன். ஒரு மனிதன் இருட்டில் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறபோது விடு என்று சொல்கிற ஆள் என்ன ஆள் என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மூன்றாவது மாடியிலும் நான்காவது மாடியிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. சவுரிமுத்து மட்டும் கீழே நின்று, "அவுரு பாட்டுக்குக் கீறாரு, வுடுங்க சார்," என்று இரண்டு தடவை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

"கேசவன் சார், பயப்படாதீங்க! நாங்க விடாம பேசிட்டே இருக்கோம்!" என்று ஜெயஸ்ரீ லிஃப்ட் கதவில் வாயை வைத்துச் சொன்னார். ஸ்ரீரங்கனை வீடியோ காலில் கூப்பிட்டுப் போனைக் கதவில் பிடித்தார். ரத்தினபாய் மாமி விட்ட இடத்திலிருந்து மருமகள் கதையைத் தொடர்ந்தார். மேல்மாடியில் பக்திப் பாட்டு ஆரம்பித்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் மேடவாக்கத்திலிருந்து போன் செய்து, மழையில் வர நேரமாகும் என்றார். "பரவாயில்லை, மெதுவா வாங்க, நாங்க கம்பெனி குடுத்துட்டுத்தான் இருக்கோம்," என்றார் தோத்தாத்ரி சார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வராததால் இன்னும் உரக்கப் பேசினார்கள்.

மெக்கானிக் வருவதற்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நான்காவது மாடிக்கு ஏறி நின்றது. ஓடினோம். கதவு திறந்தது. உள்ளே வெளிச்சத்தில் கேசவன் மூலையில் நின்றார். சட்டை முழுக்க வியர்வை. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். சுபத்ரா கூட்டத்துக்குப் பின்னால் இருந்து, "எல்லாரும் கொஞ்சம் நகருங்களேன்," என்று சொன்னது என் காதில் விழுந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

கேசவன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி முயற்சி செய்தார், வரவில்லை. பிறகு கையை நீட்டி, கதவை மூடுகிற பட்டனை அழுத்தினார்.

கதவு மூட ஆரம்பித்தது. தோத்தாத்ரி சார் செருப்புக் காலை நடுவில் வைத்தார்.

"எங்க போறீங்க கேசவன்?" என்றார் அன்பாக. "நாங்க எல்லாரும் இங்கதானே இருக்கோம்."